ஏ.இ.எம். எக்ஸ் சீரீஸ் வைட்பேண்ட் கேஜ்: டர்போ காரில் எங்கே மாட்டினால் உண்மை பேசும்?

எக்ஸாஸ்டில் மீதமுள்ள ஆக்சிஜனை அளந்து, எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதத்தை (ஏஎஃப்ஆர்) எண்ணாகக் காட்டுவது வைட்பேண்ட் கேஜ். இது யாருக்குத் தேவையில்லை என்பதை முதலில் சொல்லிவிடலாம். இப்போது வரும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ கார்கள் பலவற்றில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு முன்னால் கம்பெனியே வைட்பேண்ட் சென்சார் வைத்துத்தான் அனுப்புகிறது. காரின் டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் ஒரு ஓபிடி அடாப்டரைச் செருகி, ஃபோனில் லாம்டாவையும் (சரியான கலவைக்கு 1) ஃப்யூல் ட்ரிம்மையும் (ஈசியூ, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர், பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) பார்த்தாலே போதும். செலவு மிச்சம்.

எஸ்ஆர்20டிஇடி, 4ஜி63 மாதிரி பழைய டர்போ எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கும், சாதா எஞ்சினில் டர்போ கிட் ஏற்றியவர்களுக்கும் கதை வேறு. அவற்றில் இருப்பது நேரோபேண்ட் சென்சார். 0.45 வோல்ட்டுக்கு மேலே போனால் ரிச் (பெட்ரோல் அதிகம்), கீழே வந்தால் லீன் (பெட்ரோல் குறைவு). அதற்கு மேல் அதற்குப் பேசத் தெரியாது. பூஸ்ட்டில் (டர்போ காற்றை அழுத்தித் தள்ளும்போது) 0.9 வோல்ட் காட்டுகையில், கலவையில் ஒரு பங்கு பெட்ரோலுக்குக் காற்று 11.5 பங்கா, 13.2 பங்கா என்று கேட்டால் பதில் வராது. பிஸ்டன் பிழைப்பதும் உருகுவதும் அந்த இடைவெளியில்தான்.

எக்ஸ் சீரீஸ் பெட்டியில் 52 மில்லிமீட்டர் கேஜ், பாஷ் எல்எஸ்யூ 4.9 சென்சார், வயரிங், வெல்டு செய்ய ஒரு பங் (சென்சாரை முறுக்கும் மரை வளையம்), அதை மூட ஒரு பிளக் எல்லாம் இருக்கின்றன. கேஜின் ஆழம் சுமார் 21 மில்லிமீட்டர்தான் என்பதால் ஏ-பில்லரிலோ (முன்கண்ணாடி ஓரத் தூண்) ஏசி வென்ட்டிலோ எளிதாக உட்காரும். ஃப்ரீ ஏர் கேலிப்ரேஷன் கிடையாது. இன்னொரு பிரபலமான கேஜான இன்னோவேட் எம்டிஎக்ஸ்-எல்லில் சென்சாரை வெளிக்காற்றில் பிடித்து கேலிப்ரேட் செய்தாக வேண்டும். ஆனால் அதில் இரண்டு அனலாக் அவுட்புட் உண்டு. ஒன்றை நேரோபேண்ட் போல நடிக்க வைத்து, பழைய சென்சாரின் துளையிலேயே வேலையை முடித்துவிடலாம். வெல்டிங்கே வேண்டாம் என்பவர்கள் அந்தப் பக்கம் போகலாம்.

எக்ஸ் சீரீஸ் வயரிங்கில் பயப்பட ஒன்றுமில்லை. சிவப்பு வயரை இக்னிஷன் போட்டால் வரும் 12 வோல்ட்டில் 10 ஆம்ப் ஃபியூஸ் வைத்துக் கொடுங்கள். கறுப்பு எர்த். வெள்ளையும் பிரவுனும் ஈசியூவுக்கோ லாகருக்கோ (ரீடிங்கைப் பதியும் கருவி) போகும் அனலாக் சிக்னல். 0.5 வோல்ட் என்றால் 8.5, 4.5 வோல்ட் என்றால் 18. நடுவில் நேர்கோடு, அதாவது வோல்ட்டை 2.375-ஆல் பெருக்கி 7.3125 கூட்டினால் ஏஎஃப்ஆர். பிரவுன் வயரைக் கையில் கிடைத்த பாடி எர்த்தில் போட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. எர்த்தில் 0.1 வோல்ட் வித்தியாசம் இருந்தாலே லாகில் 0.24 பிசகும். ஈசியூவின் சென்சார் எர்த்தில் போடுங்கள். கேஜ் ஒரு எண்ணும் லாப்டாப் ஒரு எண்ணும் காட்டினால் முதல் சந்தேகம் இங்கேதான். சென்சார் கனெக்டரை வெட்டி வயரை நீட்டவே கூடாது. அந்தச் சென்சாருக்கென்றே அளந்து வைத்த ரெசிஸ்டர் கனெக்டருக்குள் இருக்கிறது.

இனி சென்சாரின் இடம். கேஜ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பங் தப்பான இடத்தில் இருந்தால் அது காட்டுவது வெறும் எண்.

டர்போவுக்கு முன்னால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் வைக்கவே வைக்காதீர்கள். அங்கே எக்ஸாஸ்ட் அழுத்தம் ஏற ஏற ரீடிங் பிசகும். சூடு சென்சாரின் ஆயுளைத் தின்னும். செராமிக் உடைந்தால் துண்டுகள் நேராக டர்பைன் வீலுக்குள் போகும். டர்போவைத் தாண்டி டவுன்பைப்பில் (டர்போவிலிருந்து இறங்கும் எக்ஸாஸ்ட் குழாய்) 45 முதல் 90 சென்டிமீட்டருக்குள், கேட்டுக்கு (கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்) முன்னால் வையுங்கள். வேஸ்ட்கேட் (டர்பைனைச் சுற்றிப் புகையைத் திருப்பும் வால்வு) வழியாக வரும் புகை டவுன்பைப்பில் வந்து சேரும் இடத்துக்கு எதிரே வேண்டாம். இரண்டும் நன்றாகக் கலந்த பிறகு இருக்கட்டும். கேட்டுக்குப் பின்னால் வைத்தால் கேட் மாற்றிய வாயுவைத்தான் அளப்பீர்கள், அதுவும் தாமதமாக.

சாய்மானமும் முக்கியம். கடிகார முகப்பு போல நினைத்தால் 10 மணிக்கும் 2 மணிக்கும் நடுவில். படுக்கைக்கோட்டிலிருந்து குறைந்தது 10 டிகிரி மேலே. குளிர்ந்த குழாயில் தேங்கும் தண்ணீர் கொதிக்கும் செராமிக்கில் பட்டால் டப்பென்று விரிசல் விடும். உள்ளே அது சுமார் 780 டிகிரியில் வேலை செய்கிறது. வெளியே அறுகோணத் தலையின் வரம்பு 600 டிகிரி. அதைத் தாண்டுகிறது என்றால் சற்றுப் பின்னால் தள்ளுங்கள், அல்லது சூட்டை வெளியே இழுக்கும் செம்பு பங் போடுங்கள்.

வெல்டு செய்யும்போது பங்கில் பிளக்கை முறுக்கி வையுங்கள், இல்லாவிட்டால் எம்18 x 1.5 மரை கோணிக்கொள்ளும். சென்சாரை மாட்டிக்கொண்டு வெல்டு செய்தால் புதிதாக ஒன்று வாங்க வேண்டியதுதான். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். இறுக்கம் 40 முதல் 60 நியூட்டன் மீட்டர். ஆன்ட்டி-சீஸ் மரைக்கு மட்டும், முனைக்கு ஆகாது.

இனி எண்களைப் படிப்பது. சூடான எஞ்சின் ஐடிலில் 14.7-ஐச் சுற்றி ஆடும். ஆக்சிலரேட்டரை விட்டு இறக்கத்தில் உருளும்போது லீன் பக்கம் உச்சிக்குப் போகும். அது ஃப்யூல் கட் (ஈசியூ பெட்ரோலை நிறுத்துவது), பதற வேண்டாம். போர்ட் இன்ஜெக்‌ஷன் டர்போவில் முழு பூஸ்ட்டுக்கு 11.5 முதல் 12 வரை நல்ல இலக்கு. மூன்றாம் கியரில் 3000 ஆர்பிஎம்மிலிருந்து முழுசாக மிதியுங்கள். 11.8-க்கு இறங்கி நின்ற எண் 5000-ஐத் தாண்டியதும் 12.4, 12.9 என்று ஏறுகிறதா? காலை எடுத்துவிடுங்கள். பெட்ரோல் பம்ப் மூச்சு வாங்குகிறது, அல்லது பெட்ரோல் ஃபில்டர் அடைத்திருக்கிறது. இன்டேக் மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பார்த்து இயங்கும் பெட்ரோல் ரெகுலேட்டர் என்றால், அடிப்படை 3 பார் இருக்கும் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்) 1 பார் பூஸ்ட்டுக்கு 4 பார் காட்ட வேண்டும். பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஐடிலில் ட்ரிம் +15, ஆர்பிஎம் ஏற்றினால் பூஜ்யத்துக்கு வருகிறது என்றால் வாக்குவம் லீக். பூஸ்ட்டில் மட்டும் ரிச்சாகிக் கறுப்புப் புகை தள்ளினால், எம்ஏஎஃப் (உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சார்) உள்ள காரில் இன்டர்கூலர் ஹோஸைப் பாருங்கள்: அளந்த காற்று வழியில் ஒழுகிவிட்டது, பெட்ரோல் மட்டும் முழுசாகப் போகிறது. மேப் சென்சார் (இன்டேக் மேனிஃபோல்டு அழுத்தத்தை அளப்பது) உள்ள காரில் அதே லீக் கலவையைக் கெடுக்காது, பூஸ்ட்டைத்தான் குறைக்கும்.

கேஜ் ஏமாற்றும் இடங்கள் இரண்டு. சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் லீக் இருந்தால் வெளிக்காற்றை உறிஞ்சி, முக்கியமாக ஐடிலில், பொய்யாக லீன் காட்டும். மிஸ்ஃபயரும் அப்படியே: எரியாத ஆக்சிஜன் வெளியே வருவதால் லீன் என்கிறது. அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டினால் ஸ்பார்க் பிளக் இன்னும் நனையும். முதலில் ஸ்பார்க் பிளக் கேப்பை 0.7 மில்லிமீட்டருக்குக் குறைத்துப் பாருங்கள்.

நம் ஊர் ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலுக்கு ஒரு வார்த்தை. அதன் உண்மையான ஸ்டாய்க் (முழுதாக எரியச் சரியான விகிதம்) 13.5 அளவில்தான். ஆனால் சென்சார் அளப்பது லாம்டா. கேஜ் அதை 14.7-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. அதனால் ஈ20-யிலும் 14.7 என்றால் லாம்டா 1 தான், இலக்கை மாற்ற வேண்டியதில்லை. குழப்பமே வேண்டாம் என்றால் கேஜை லாம்டாவுக்கு மாற்றி, பூஸ்ட்டில் 0.78 முதல் 0.82 வரை வைத்துக்கொள்ளுங்கள்.

சென்சார் செலவாகும் பொருள். ஆயில் எரிக்கும் டர்போ, கூலன்ட் லீக், சென்சாருக்கு ஆகாத சிலிக்கான் பேஸ்ட் எல்லாம் அதைக் கொல்லும். கேஜுக்குக் கரன்ட் கொடுக்காமல் சென்சாரைக் குழாயில் விட்டு ஓட்டினாலும் கரி படிந்து போகும்; கேஜைக் கழற்றும் நாளில் பெட்டியில் வந்த பிளக்கைப் போடுங்கள். மாற்றும்போது பாஷ் எண் 0 258 017 025-ஐப் பார்த்து வாங்குங்கள். பழைய 4.2 சென்சார் இந்தக் கேஜோடு ஒத்துப்போகாது, பாதி விலைக்கு வரும் "4.9"-ஐ நம்பி எஞ்சினை டியூன் செய்யாதீர்கள்.