ஆக்டேவியாவின் பகல் விளக்கும் இண்டிகேட்டரும்: ஓபிடிலெவன் வாங்கி ஒரு வருடம்

மூன்று தடவை மின்னிவிட்டு நின்றுவிடும் இண்டிகேட்டர்தான் கார் செட்டிங்குகளை மாற்றும் ஓபிடிலெவன் கருவியை என்னை வாங்க வைத்தது. என்னுடையது 2018 ஸ்கோடா ஆக்டேவியா கார். இண்டிகேட்டர் லீவரை லேசாகத் தட்டினால் மூன்று முறை மின்னும், அவ்வளவுதான். கோயம்புத்தூரிலிருந்து சேலம் போகிற ரோட்டில் லாரியைத் தாண்ட லேன் மாறும்போது வண்டி பாதிகூட மாறியிருக்காது, அதற்குள் இண்டிகேட்டர் நின்றுவிடும், பின்னால் வருகிறவர் நான் மாறப்போவதில்லை என்று நினைத்து ஹாரன் அடித்துக்கொண்டே நெருங்கி வந்துவிடுவார். ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேட்டதற்கு "அது கம்பெனி செட்டிங் சார், மாத்த முடியாது" என்றார்கள். மாற்ற முடியும்.

ஓபிடிலெவன் லிதுவேனியாவில் தயாராகும் சின்னக் கருவி. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற ஓபிடி போர்ட்டில் (மெக்கானிக் ஸ்கேனர் மாட்டும் சாக்கெட்) செருகி, ப்ளூடூத்தில் போனோடு இணைத்தால் போதும். இதே வேலைக்கான விசிடிஎஸ் என்ற சாஃப்ட்வேர் இன்னும் ஆழமாகப் போகும், ஆனால் அதற்கு லேப்டாப் வேண்டும். விளக்குகள் எல்லாம் 09 என்ற மாட்யூலுக்குள் (காருக்குள் இருக்கும் ஒரு கன்ட்ரோல் கம்ப்யூட்டர்) இருக்கின்றன. எதையும் மாற்றும் முன் 31347 என்ற பாதுகாப்பு எண்ணைப் போட வேண்டும். மின்னும் எண்ணிக்கையை 3லிருந்து 5 ஆக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அன்று மாலையே ஹைவேயில் வித்தியாசம் தெரிந்தது, முழுசாக லேன் மாறி முடிக்கும் வரை இண்டிகேட்டர் கூடவே வருகிறது.

அடுத்து செய்ததுதான் என் கணக்கில் மிக முக்கியமானது. டிஆர்எல், அதாவது பகலில் தானாக எரியும் முன் விளக்கு, எரியும்போது முன்னால் வெளிச்சம் இருக்கும், மீட்டரும் எரியும், ஆனால் பின் விளக்கு எரியாது. லைட் போட்டிருக்கிறோம் என்று நம்பி மழையில், பொழுது சாயும் நேரத்தில் பின்பக்கம் இருட்டாகவே போகிற எத்தனையோ வண்டிகளைப் பார்த்திருக்கிறேன், நானும் அப்படிப் போயிருக்கிறேன். செட்டிங் பெயர்கள் ஜெர்மனில் இருப்பதால் கொஞ்சம் பொறுமை வேண்டும்: டாக்ஃபார்லிக்ட் என்றால் பகல் விளக்கு, ஷ்டாண்ட்லிக்ட் என்றால் பார்க்கிங் லைட். முதலாவது எரியும்போது இரண்டாவதும் சேர்ந்து எரியட்டும் என்று ஒரு வரி இருக்கிறது, அதை ஆன் செய்தால் பின் விளக்கும் எரியும். ஹேண்ட்பிரேக் போட்டால் டிஆர்எல் அணைவதற்கும் தனி வரி உண்டு, வீட்டு வாசலில் நிற்கும்போது நல்ல வசதி.

இண்டிகேட்டர் போட்டால் அந்தப் பக்க டிஆர்எல் மங்கும்படியும் வைத்தேன். பலர் இதை ஸ்டைல் என்று நினைக்கிறார்கள். வெள்ளை வெளிச்சத்துக்குப் பக்கத்தில் ஆரஞ்சு மின்னல் எடுபடாது, அதனால்தான் இரண்டுக்கும் இடைவெளி 40 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் மங்கச் செய்யவோ அணைக்கவோ வாகன விளக்குகளுக்கான ஐநா விதி ஆர்48 அனுமதிக்கிறது. இதில் நான் ஒரு தப்பு செய்தேன். முன் இடதுக்கு விஎல், முன் வலதுக்கு விஆர் என்று தனித்தனி இடம் இருக்கிறது, நான் இடதை மட்டும் மாற்றிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் வாட்ச்மேன் அண்ணன் "சார், லெஃப்ட்ல இண்டிகேட்டர் போட்டா மட்டும் வெள்ளை லைட் டல்லாகுது, பாருங்க" என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு மாற்றத்தையும், அதற்கு முன்பு என்ன இருந்தது என்பதையும் ஆப் பதிந்து வைக்கிறது, அதைப் பார்த்து வலதையும் சரி செய்தேன். இந்த வசதிக்காகவே நான் இதைப் பரிந்துரைப்பேன்.

ஒரே தட்டில் வேலை முடிக்கும் ரெடிமேட் மாற்றங்களுக்கு கிரெடிட் (ஆப்பில் காசு கொடுத்து வாங்கும் புள்ளிகள்) செலவாகும், கையால் தேடி மாற்றத் தெரிந்தால் அதை மிச்சப்படுத்தலாம். பேட்டரி பலவீனமாக இருக்கும்போது தொடாதீர்கள். இண்டிகேட்டரின் வேகத்திலும் நிறத்திலும் தயவுசெய்து கை வைக்காதீர்கள், நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை, ஆரஞ்சு நிறம், அப்படி இருந்தால்தான் எதிரே வருகிறவருக்கு அது இண்டிகேட்டர் என்றே புரியும். அப்புறம், சர்வீஸில் சாஃப்ட்வேர் அப்டேட் செய்தால் இதெல்லாம் பழையபடி ஆகிவிடலாம். நான் ஒவ்வொரு வரியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்.