செந்தூல் கராத்தே வகுப்பு: பெல்ட்டுக்கு முன்னால் குதிகாலைப் பார்க்கிறார்கள்

கிரேடிங் என்னும் பெல்ட் தேர்வு முடிந்து பிள்ளை வீட்டுக்கு என்ன தாளைக் கொண்டுவருகிறது என்பதை வைத்தே ஒரு கராத்தே வகுப்பை எடைபோட்டுவிடலாம். பல இடங்களில் சான்றிதழும் புது பெல்ட்டும் வரும், அதோடு சரி. கோலாலம்பூர் செந்தூலில் ஒரு சமூக மண்டபத்தில் நடக்கும் இந்த ஷோட்டோக்கான் (கராத்தேயின் ஒரு பாணி) வகுப்பில் கூடவே கையெழுத்தில் ஓர் அரைத்தாளும் வருகிறது. “வலது சென்குட்சு: பின்குதிகால் எழும்புகிறது. ஹெய்யான் ஷோதான் 18: எடை நடுவில் நிற்கிறது. குத்தும்போது தோள் ஏறுகிறது.” இப்படி மூன்று நான்கு வரி. (சென்குட்சு, முன்காலை மடக்கி நிற்கும் நிலை. ஹெய்யான் ஷோதான் ஒரு கட்டா, அதாவது தனியாகச் செய்யும் அசைவுத் தொடர்; 18 அதில் அசைவின் எண்.) தேறியவருக்கும் உண்டு, தேறாதவருக்கும் உண்டு. அடுத்த மூன்று மாதப் பயிற்சி அந்தத் தாளிலிருந்துதான் தொடங்குகிறது. இந்த வகுப்பைத் தயங்காமல் பரிந்துரைக்க முதல் காரணம் அதுதான்.

செவ்வாய், வியாழன் மாலை 7.30 முதல் 9.00 வரை வகுப்பு. வெள்ளிக்கிழமையைக் கோயிலுக்கு விட்டுவைத்திருப்பது நம் பெற்றோருக்குப் பெரிய சௌகரியம். நோன்பு மாதத்தில் நேரத்தைத் தள்ளிவைக்கிறார்கள். மாதக் கட்டணம் 70 ரிங்கிட். பாதிப் பேர் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள். மலாய், சீனப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கட்டளை ஜப்பானிய மொழியில், திருத்தம் தமிழிலும் மலாயிலும். தரையில் விரிப்பு கிடையாது, வழுவழுப்பான ஓடுதான். மழை பெய்த மாலையில் வாசல் பக்கம் ஈரம் ஏறுகிறது. துடைத்துவிட்டுத்தான் தொடங்குகிறார்கள், ஆனாலும் அந்தப் பக்கம் நிற்கும் பிள்ளைகள் வழுக்குமோ என்ற பயத்தில் கால்களை அகட்டி நிற்பதைக் குறுக்கிக்கொள்கிறார்கள். வரிசையை அரைமணிக்கு ஒருமுறை மாற்றினாலே இது தீரும்.

கியூ என்பது கறுப்பு பெல்ட்டுக்கு முந்தைய படி, எண் குறையக் குறைய மேலே. வெள்ளை பெல்ட் என்பது 10ஆம் கியூ. அங்கிருந்து 1ஆம் கியூ வரை ஒன்பது தேர்வு, அதன்பின் முதல் டான், அதாவது கறுப்பு பெல்ட். இங்கே 4ஆம் கியூ வரை ஒவ்வொரு தேர்வுக்கும் குறைந்தது மூன்று மாத இடைவெளி; 3, 2, 1 ஆகிய பழுப்பு நிலைகளுக்கும் முதல் டானுக்கும் தலா ஆறு மாதம். கணக்குப் போட்டால், ஒரு தேர்வும் தவறாமல் போனாலும் கறுப்பு பெல்ட் தேர்வுக்கு நிற்க மூன்றரை வருடம் ஆகும். மூன்று மாதத்தில் வரும் ஏறக்குறைய 24 வகுப்பில் 18க்காவது வந்திருக்க வேண்டும். தீபாவளி, தைப்பூசம், பள்ளித் தேர்வு என்று விட்டுப்போனால் அடுத்த கிரேடிங்தான். ஒரே நாளில் இரண்டு நிலை தாண்ட வைக்கும் பழக்கம் இங்கே இல்லை. இதற்காக வருத்தப்படும் பெற்றோர் உண்டு. ஆனால் இரண்டு நிலை தாண்டிய பிள்ளை நடுவில் ஒரு கட்டாவை அரைகுறையாக விட்டுவிட்டுப் போகும். பழுப்பு பெல்ட்டில் தேர்வாளர் அதையே செய்யச் சொல்லும்போது நடு மண்டபத்தில் நின்றுவிடும்.

கட்டாக்களின் வரிசை: ஹெய்யான் ஷோதான், நிதான், சாந்தான், யோந்தான், கோதான், பிறகு தெக்கி ஷோதான், அதற்கு மேல் பஸ்ஸாய் தாய். எந்தக் கியூவுக்கு எது என்பது சங்கத்துக்குச் சங்கம் ஒரு படி முன்பின் இருக்கும், வரிசை மாறாது. பெல்ட்டின் நிறமும் அப்படித்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளை வேறு வகுப்பில் பச்சை கட்டியிருக்கிறதே என்று ஒப்பிட்டுப் பார்ப்பதில் பயனில்லை, கியூ எண்ணைக் கேட்க வேண்டும்.

தேர்வில் மூன்று பகுதி: கிஹோன் என்னும் அடிப்படை, கட்டா, குமித்தே என்னும் ஜோடிச் சண்டைப் பயிற்சி. பிள்ளைகள் அதிகம் பயப்படுவது குமித்தேவுக்கு. அதிகம் தோற்பது கிஹோனில், அதுவும் சென்குட்சு தாச்சியில் (தாச்சி என்றால் நிற்கும் நிலை). முன்முழங்கால் மடங்கி, கீழே பார்த்தால் பெருவிரலை மறைக்க வேண்டும். பின்கால் நீண்டு நிற்க வேண்டும். இரு பாதங்களுக்கும் இடையே குறுக்கே இடுப்பகலம் இருக்க வேண்டும். எடை முன்னால் 60, பின்னால் 40. பின்பாதம் பக்கவாட்டில் திரும்பி நின்றால் குதிகால் தரையில் ஒட்டும், ஆனால் இடுப்பு முன்னால் திரும்பாது. பாதத்தை முன்னால் திருப்பினால் இடுப்பு திரும்பும், ஆனால் கெண்டைக்கால் இறுக்கமாக இருக்கும் பிள்ளைக்குக் குதிகால் எழும்பிவிடும். எழும்பிவிட்டால் குத்தின் எதிர்விசை தரைக்கு இறங்காது, உடம்பு பின்னால் ஆடும். இதற்கு இங்கே சொல்லும் வழி சரியானது: நிலையை அரை அடி குறுக்கு, தினமும் கெண்டைக்காலை நீட்டிப் பழகு, இளகிய பிறகு நிலையை நீட்டு. முதல் நாளே நீளமாக நிற்கச் சொல்லும் வகுப்புகளில் குதிகால் எழும்புவது நிரந்தரப் பழக்கமாகிவிடுகிறது.

இதற்கு ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். மாஸ்டர் பழைய நாளிதழைக் கிழித்து ஒவ்வொரு பிள்ளையின் பின்குதிகாலுக்கும் கீழே ஒரு துண்டு வைக்கிறார். கியாக்கு சுக்கி, அதாவது பின்கால் பக்கத்துக் கையால் குத்தச் சொல்கிறார். குத்து நிற்கும் நொடியில் குனிந்து தாளை இழுக்கிறார். முழுசாக உருவி வந்தால், “தம்பி, வந்துடுச்சு பாத்தியா? மறுபடி.” தாள் கிழிந்து பாதி கையிலும் பாதி காலடியிலும் நின்றால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். குதிகால் என்று நூறு முறை கத்துவதை விட இந்த ஒரு கிழிசல் நன்றாக வேலை செய்கிறது.

குத்தில் பார்ப்பது முக்கியமாக ஹிக்கிதே, அதாவது குத்தாத கை இடுப்புக்கு இழுபடுவது. பிள்ளைகளின் கவனமெல்லாம் குத்தும் கையில் இருக்கும். இழுக்கும் கை வயிற்றுக்கு முன்னாலேயே தங்கிவிடும். இரண்டும் ஒரே நேரத்தில் முடிய வேண்டும். முஷ்டியைக் கடைசி நொடியில்தான் திருப்ப வேண்டும்; முன்கூட்டித் திருப்பினால் முழங்கை வெளியே விரிந்து தோள் ஏறும்.

கட்டாவில் ஹெய்யான் ஷோதானைக் கொஞ்சம் விரித்தே சொல்லலாம், ஏனென்றால் முதல் பெல்ட்டில் தொடங்கி கறுப்பு பெல்ட் வரை இதைக் கேட்பார்கள். 21 அசைவு. கியாய் என்னும் உரத்த குரல் 9ஆம் அசைவிலும் 17ஆம் அசைவிலும். கை வரிசையைப் பிள்ளைகள் இரண்டு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். கெடுவது திருப்பத்தில். 9 முடிந்து 10க்கும், 17 முடிந்து 18க்கும் 270 டிகிரி திரும்ப வேண்டும். இடது கால் முதுகுப் பக்கமாகச் சுற்றிப்போய் இறங்க வேண்டிய இடம், கண்ணுக்குத் தெரியாத இடம். 10இல் அது போதிய அளவு தள்ளி இறங்காவிட்டால் இரண்டு பாதமும் ஒரே கோட்டில் வந்து, கெதான் பராய் என்னும் கீழ்த்தடுப்பு போடும்போது உடம்பு தள்ளாடும். 18இல் நேர் எதிர்ச் சிக்கல். அது கோகுட்சு தாச்சி, பின்காலில் எடை வைத்து நிற்கும் நிலை. இரண்டு குதிகாலும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும், எடையில் 70 பங்கு பின்காலில். அதுவரை 17 அசைவும் சென்குட்சுவிலேயே பழகிய கால், அகலமாகவே போய் விழுகிறது. எடையும் நடுவில் நிற்கிறது. பின்முழங்காலை வெளிப்பக்கம் தள்ளி, முன்பாதத்தைத் தரையிலிருந்து லேசாகத் தூக்கிப் பார்க்கச் சொல்கிறார்கள். உடம்பு ஆடாமல் தூக்க முடிந்தால் எடை சரி.

இன்னொன்று, முடிக்கும் இடம். தொடங்கிய இடத்திலேயே கட்டா முடிய வேண்டும். நடுக்கோட்டில் முன்னே போகும் மூன்று ஆகே உக்கேயில் (மேல்தடுப்பு) கை மேலே போகும்போது உடம்பும் கூடவே எழும்பி அடி குறுகுகிறது. திரும்பி வரும் மூன்று ஓய்சுக்கியில் (முன்னேறிக் குத்துவது) வேகம் கூடி அடி நீள்கிறது. விளைவு, பிள்ளை தொடங்கிய இடத்தைத் தாண்டி நிற்கும். தரையில் ஒட்டுநாடாவால் பெருக்கல் குறி போட்டுப் பழக்குகிறார்கள். வீட்டு வரவேற்பறையில் இடம் போதாவிட்டாலும் அந்த மூன்று ஆகே உக்கேயை மட்டும் தலை உயராமல் நடந்து பழகலாம்.

ஹெய்யான் கட்டாக்கள் ஒக்கினாவாவில் இத்தோசு ஆங்கோ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளி மாணவருக்காகத் தொகுத்த பின்னான் கட்டாக்களிலிருந்து வந்தவை. 1922இல் தோக்கியோவில் கராத்தேயைச் செய்துகாட்டிய ஃபுனாக்கோஷி கிச்சின் பெயரை மாற்றியதோடு முதல் இரண்டின் வரிசையையும் மாற்றினார். வீடு மாறி வகுப்பு மாறும் குடும்பங்களுக்கு இது உதவும்: ஷித்தோ-ரியூ என்னும் வேறொரு பாணியில் பின்னான் நிதான் பழகிய பிள்ளைக்கு இங்கே ஹெய்யான் ஷோதான் ஏற்கெனவே பாதி தெரியும். கோஜு-ரியூ என்னும் பாணியிலிருந்து வந்தால் அப்படி இல்லை. அங்கே பழகும் சாஞ்சின் நிலை குறுகியது, கட்டாக்களும் வேறு; கால்களை முதலிலிருந்து பழக்க வேண்டும். இந்த வகுப்பில் பழைய பெல்ட்டைக் கழற்றச் சொல்வதில்லை. மூன்று மாதம் பழகவிட்டு, பிறகு எந்தக் கியூ என்று பார்த்துச் சொல்கிறார்கள். நியாயமான முறை.

குறை குமித்தேயில் இருக்கிறது. தொடக்கத்தில் கோஹோன் குமித்தே: ஒருவர் ஐந்து முறை முன்னேறிக் குத்த, மற்றவர் ஐந்து முறை பின்வாங்கித் தடுத்து, கடைசியில் கியாக்கு சுக்கி. பிறகு ஒரே தாக்குதலுக்கு ஒரே பதில் என்ற இப்போன் குமித்தே. பழுப்பு நிலையில் ஜியூ இப்போன், அதாவது இருவரும் தாராளமாக நகர்ந்தபடி செய்யும் இப்போன். எல்லாம் முறைப்படிதான், ஆனால் வாரத்துக்குப் பதினைந்து நிமிடம்கூடத் தேறுவதில்லை. அதிலும் ஒரே உயரப் பிள்ளைகளையே ஜோடி சேர்க்கிறார்கள். கிரேடிங்கில் ஒரு சாண் உயரமானவர் எதிரே வந்ததும் தூரக்கணக்கு கெட்டுப்போகிறது. குத்துபவர், எதிராளி நகராவிட்டால் முஷ்டி உடம்பைத் தொடும் தூரத்துக்கு வர வேண்டும். பாவம் பார்த்து ஒரு சாண் முன்னாலேயே நிறுத்தினால், தடுப்பவர் வெறுங்காற்றைத் தடுத்துப் பழகுகிறார். கால் பின்வாங்குவதற்குப் பதில் முதுகு பின்னால் சாய்கிறது. மாதம் ஒருநாளாவது முழு வகுப்பையும் உயரம் கலந்து ஜோடி மாற்ற வேண்டும். இது செலவில்லாத திருத்தம், உடனே செய்யலாம்.

இரண்டாவது குறை, பாடத்திட்டத் தாள். ஜப்பானியச் சொற்கள் ரோமன் எழுத்தில் மட்டுமே இருக்கின்றன. முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு தமிழ்ப்பள்ளிப் பிள்ளை இதை வைத்து வீட்டில் எப்படிப் பழகும்? ஜோதான் என்றால் தலை, ச்சூதான் என்றால் நடுவுடல், கெதான் என்றால் இடுப்புக்குக் கீழ். உக்கே தடுப்பு, சுக்கி குத்து, கேரி உதை. இந்த ஆறு சொல்லைத் தமிழில் எழுதிக் கொடுத்தாலே பாதிக் கட்டளை விளங்கிவிடும். கட்டளை புரியாமல், பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து அரைநொடி தாமதமாகச் செய்யும் பிள்ளைக்கு மதிப்பெண் குறைகிறது. அது உடம்பின் குற்றமே இல்லை.

தேறாதவரை நடத்தும் விதம் நன்றாக இருக்கிறது. ஆறு வாரம் கழித்து, தவறிய பகுதியை மட்டும் மறுபடி பார்க்கிறார்கள். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. முடிவைக் கூட்டத்தில் வாசிப்பதும் இல்லை. “மாஸ்டர், பிள்ளைக்கு ஏன் கிடைக்கல?” என்று ஒரு தாய் கேட்டால் அரைத்தாளை எடுத்து, பிள்ளையையே நிற்கச் சொல்லி, “இங்க பாருங்கம்மா, இந்தக் கால்” என்று காட்டுகிறார்.

செலவுக் கணக்கு: நிற பெல்ட் தேர்வுக்கு 60 ரிங்கிட், பெல்ட்டும் சான்றிதழும் அதிலேயே அடங்கும். பழுப்பு, டான் தேர்வுகளுக்குச் சங்கப் பதிவு தனி. டான் சான்றிதழ் எந்தச் சங்கத்தின் பெயரில் வருகிறது என்பதை முதல் மாதமே கேட்டுக்கொள்ளுங்கள். வகுப்பு தானே அச்சடித்துக் கொடுக்கும் சான்றிதழ், வேறு வகுப்பில் சேரும்போது செல்லாமல் போகலாம். இங்கே கேட்டால் மறைக்காமல் சொல்கிறார்கள். முதல் டான் தேர்வில் தானே தேர்ந்த ஒரு கட்டாவோடு, தேர்வாளர் கேட்கும் ஹெய்யான் அல்லது தெக்கியையும் செய்ய வேண்டும். பழுப்பு பெல்ட் பிள்ளைகளை மாதத்தில் ஒரு வியாழன் முழுக்கப் பழைய கட்டாக்களுக்கே ஒதுக்குவது அதனால்தான்.

சேரும்போது தடித்த சீருடை வாங்க வேண்டாம். மின்விசிறி மட்டும் உள்ள மண்டபத்தில் 8 அவுன்ஸ் துணி போதும். 12 அவுன்ஸ் குத்தில் நல்ல ஓசை தரும், ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளை அரைமணியில் சோர்ந்துவிடும். முழுப் பருத்தியாக இருந்தால் முதல் சலவையில் சுருங்கும், ஓர் அளவு பெரியதாக எடுங்கள். கை, கால் நகத்தை வெட்டி அனுப்புங்கள், தண்ணீர்ப் போத்தல் கொடுத்தனுப்புங்கள். முதல் இரண்டு வகுப்புக்குப் பணம் வாங்குவதில்லை, காற்சட்டையும் டி-சட்டையும் போட்டுக்கொண்டே வரலாம். ஏழு மணி இருபதுக்கெல்லாம் வந்துவிட்டால், வாசல் பக்க ஈரத்தைத் தவிர்த்து உள்வரிசையில் இடம் கிடைக்கும்.