ஒருசந்தியா, சுத்தபோசனமா? தவக்காலத்தில் எது யாருக்கு

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் வந்தாலே கத்தோலிக்க வீடுகளில் இந்த இரண்டும் குழம்பிவிடும். ஒருசந்தி என்பது அளவைக் குறைப்பது. சுத்தபோசனம் என்பது இறைச்சியை விடுவது.

எப்போது கடமை?
ஒருசந்தி: விபூதிப் புதன், பெரிய வெள்ளி. இரண்டே நாள்.
சுத்தபோசனம்: அந்த இரு நாளும், தவக்கால வெள்ளிகளும். மார்ச் 19 சூசையப்பர் பெருவிழா வெள்ளியில் வந்தால் அன்று விலக்கு.

யாருக்கு?
ஒருசந்தி: 18 வயது நிறைந்தவர்களுக்கு, 59 நிறையும் வரை.
சுத்தபோசனம்: 14 நிறைந்த எல்லாருக்கும். மேல் வரம்பு இல்லை, பாட்டிக்கும் உண்டு.

தட்டில் என்ன?
ஒருசந்தி: முழுச் சாப்பாடு ஒரு வேளை. காலையும் இரவும் சிறிது உண்ணலாம். ஓர் இட்லி, கொஞ்சம் கஞ்சி போதும். காலையில் பட்டினி கிடந்து மதியம் இரண்டு மடங்கு சாப்பிடுவதில்தான் பலரும் தவறுகிறார்கள். அது வெறும் நேரமாற்றம்.
சுத்தபோசனம்: ஆடு, மாடு, கோழி கூடாது. மீன், முட்டை, பால், நெய் ஆகலாம். ஆனால் வஞ்சிரம் வறுத்து விருந்தாக்கினால் சட்டம் நிற்கும், தவம் நிற்காது.

விபூதிப் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தைய நாள் வரை 46 நாளும் தொடர்ந்து இருக்க விரும்பினால் சுத்தபோசனமே எளிது. ஞாயிறுகள் தவநாள் கணக்கில் சேராது, அவற்றைக் கழித்தால்தான் 40. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுவோர் ஒருசந்தியைத் தொட வேண்டாம். உடலுழைப்பு குறைந்த, நலமான நடுவயதினர் வெள்ளிதோறும் இரண்டையும் சேர்த்தே இருக்கலாம். மிச்சமாகும் கறிக்காசு தர்ம உண்டியலுக்கு.