இடமாறும் உரிமையும் 85 இடங்களும்: பெருந்தொற்றுக்கால அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து விதிகள், ஓர் ஒப்பீட்டு அலசல்

பெருந்தொற்றுக்கு முன், அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் (சாக்கர் அன்று, அமெரிக்கன் ஃபுட்பால்) உச்சப் பிரிவில் ஓர் அணி ஒரே காலத்தில் 85 வீரர்களுக்கு மேல் உதவித்தொகை வழங்க முடியாது. ஓராண்டில் 25 பேருக்கு மேல் புதிதாகச் சேர்க்கவும் முடியாது. பட்டம் முடிக்காமல் வேறு கல்லூரிக்கு மாறும் வீரர், சில விதிவிலக்குகள் நீங்கலாக, ஓராண்டு ஆட்டமின்றிக் காத்திருக்க வேண்டும். இவற்றை வகுத்த தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், அதாவது என்.சி.ஏ.ஏ., 2020 முதல் இவற்றை ஒவ்வொன்றாகத் தளர்த்தியது. தனித்தனியே பார்த்தால் பெரும்பாலான தளர்வுகள் நியாயமானவை. ஆனால் இடமாற்ற விதியும் உதவித்தொகை வரம்பும் பிரிக்க முடியாதவை என்பதைக் கருதாமலே அவை செய்யப்பட்டன என்பது என் கருத்து.

முதலில் இடமாற்றம். பழைய முறை, காத்திருப்பு ஆண்டோடு, தனித்தனி விண்ணப்பத்தின் பேரில் விலக்கு அளிப்பது. கால்பந்து, கூடைப்பந்து, பேஸ்பால், ஆண்கள் ஐஸ் ஹாக்கி ஆகியவற்றுக்குத்தான் இந்தக் கட்டு. மற்ற விளையாட்டுகளில் ஒருமுறை தடையின்றி மாறும் வழி முன்பே இருந்தது. விலக்கு யாருக்குக் கிடைக்கும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. 2019-இல் ஜார்ஜியாவிலிருந்து ஓஹையோ ஸ்டேட்டுக்கு மாறிய ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் உடனே ஆட அனுமதி பெற்றார். அதே ஜார்ஜியாவிலிருந்து, உடல்நலம் குன்றிய தாத்தாவுக்கு அருகில் இருப்பதற்காக இல்லினாய் சென்ற லூக் ஃபோர்டுக்கு அது மறுக்கப்பட்டது.

இதற்கு மாற்றாக முன்வைக்கப்பட்டது, எல்லா வீரர்களுக்கும் ஒருமுறை மட்டும் காத்திருப்பின்றி மாறும் உரிமை. பிக் டென், ஏ.சி.சி. ஆகிய மாநாடுகள் (கல்லூரி அணிகள் சேர்ந்து ஆடும் கூட்டமைப்புகள்) தொற்று பரவுமுன்பே இதை ஆதரித்தன. சிறிய கல்லூரிகள் வளர்த்தெடுக்கும் வீரர்களைப் பெரிய கல்லூரிகள் கவர்ந்துசெல்லும் என்ற எதிர்ப்பு வெறும் அச்சமன்று. பின்னாளில் அது பெருமளவு நடந்தது. இருந்தும், ஒப்பந்தத்தை விட்டுவிட்டு அடுத்த வாரமே வேறு அணிக்குப் போகும் பயிற்சியாளருக்கு இல்லாத தண்டனையைப் பத்தொன்பது வயது மாணவருக்கு மட்டும் விதிப்பதை எந்த வாதமும் நியாயப்படுத்தாது. தொற்று அந்த அநியாயத்தை மேலும் கூர்மையாக்கியது. 2020 ஆகஸ்ட் 11 அன்று பிக் டென்னும் பேக்-12-உம் தங்கள் பருவத்தை ஒத்திவைத்தன (பின்னர் இரண்டுமே மனம் மாறின), எஸ்.இ.சி., ஏ.சி.சி., பிக் 12 ஆகியவை ஆடத் தயாராயின. நோயுற்ற பெற்றோர், மூடிய வளாகம், நிச்சயமற்ற பருவம் என எல்லா வீரர்களிடமும் காரணம் இருந்த நிலையில் விண்ணப்பங்களை ஒவ்வொன்றாக எடைபோடும் முறை பொருளிழந்தது. 2020 டிசம்பரில் ஒட்டுமொத்த விலக்கு வந்தது. 2021 ஏப்ரலில் ஒருமுறை உரிமை நிரந்தர விதியானது. இரண்டில் இதுவே சரியான தேர்வு.

சிக்கல் உதவித்தொகையில்தான் இருந்தது. 2020 பருவத்தில் எத்தனை ஆட்டங்கள் ஆடியிருந்தாலும் அது வீரர் ஆடத் தகுதியுள்ள ஆண்டுகளின் கணக்கில் சேராது என 2020 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. நல்ல முடிவுதான், ஆனால் கூடுதல் ஆண்டு பெற்றவர் எந்த இடத்தில் நிற்பார்? 85 என்ற வரம்பை அப்படியே வைத்திருந்தால் அந்த ஆண்டு வெறும் காகிதச் சலுகையாகியிருக்கும். என்.சி.ஏ.ஏ. தேர்ந்தெடுத்தது இடைவழி: 2020-இல் இறுதியாண்டிலிருந்தவர்கள் தங்கள் கல்லூரிக்கே திரும்பினால் 2021-இல் மட்டும் அவர்களை வரம்பில் எண்ணுவதில்லை. ஆனால் அந்தப் பருவத்தின் முதலாண்டு, இரண்டாமாண்டு வீரர்களும் அதே கூடுதல் ஆண்டைப் பெற்றவர்களே. நெருக்கடி ஒன்றல்ல, நான்கைந்து ஆண்டுகள் நீடிக்கும் என்பது அன்றே தெரிந்த கணக்கு.

படிப்படியாக இறங்கும் வரம்பு இன்னொரு வழி. வரம்பைச் சில இடங்கள் உயர்த்தி, ஆண்டுதோறும் குறைத்து 85-க்குத் திரும்பியிருக்கலாம். இதற்கு முன்மாதிரியும் உண்டு: 1990-களில் 95 என்ற வரம்பு ஒரே நாளில் 85 ஆகவில்லை, 1992-இல் 92, 1993-இல் 88, 1994-இல் 85 என இறங்கியது. வசதி குறைந்த கல்லூரிகளுக்குச் செலவு கூடும் என்பது மெய்யான குறை. ஆயினும் வரம்பு என்பது உச்சமே தவிர கட்டாயம் அன்று.

அந்த வழியைத் தவிர்த்ததன் விலையைப் பெரிதும் கொடுத்தவர்கள் பள்ளி இறுதியாண்டு மாணவர்கள். 2020 மார்ச் முதல் 2021 மே இறுதிவரை பயிற்சியாளர்கள் அவர்களை நேரில் சந்திக்கவே தடை இருந்தது. ஒருபுறம் மூத்த வீரர்கள் இடத்தை விடவில்லை. மறுபுறம் கல்லூரி ஆட்டத்தில் ஏற்கெனவே நிரூபித்தவர்கள் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில், அதாவது கல்லூரி மாற விரும்புவோரின் பதிவேட்டில், காத்திருந்தார்கள். நேரில் பார்க்காத பதினேழு வயதுப் பையனுக்கு எந்தப் பயிற்சியாளர் இடம் ஒதுக்குவார்?

25 பேர் என்ற ஆண்டு வரம்பிலும் இரு வழிகள் மோதின. 2021 அக்டோபரில், விலகிச் சென்றவர்களுக்கு ஈடாக ஏழு பேர்வரை கூடுதலாகச் சேர்க்க அனுமதி வந்தது. 2022-இல் அந்த வரம்பே இரண்டு ஆண்டுகளுக்கு நீக்கப்பட்டது. முதல் வழி இழப்பை மட்டும் ஈடுசெய்கிறது. இரண்டாவது, இருப்பவர்களை வெளியேற்றி அணியையே புதிதாகக் கட்ட இடம் தருகிறது. 2023-இல் கொலராடோவில் புதிய பயிற்சியாளர் டியான் சாண்டர்ஸ் வந்தபின் 50-க்கும் மேற்பட்ட வீரர்கள் வெளியேறினார்கள். மாணவருக்காகத் திறந்த கதவைப் பயிற்சியாளரும் பயன்படுத்தலாம் என்ற எச்சரிக்கையாக இதைக் கொள்கிறேன். ஏழு பேர் ஈடு என்ற வழியே மேலானது.

2025-இல், என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராக வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் உடன்பாடு 85 உதவித்தொகை என்ற வரம்பை விட்டு, அதை ஏற்ற கல்லூரிகளுக்கு உதவித்தொகையின்றி ஆடுவோரையும் சேர்த்து மொத்த அணிக்கே 105 பேர் என்ற வரம்பை வைத்தது. இதனால் இடமிழப்போரைக் காக்க வழி செய்யாதவரை நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தரவில்லை. இறுதி வடிவில், அப்படி நீக்கப்பட்டவர்களைக் கல்லூரி சேர்த்துக்கொண்டால், அவர்கள் தகுதிக்காலம் முடியும்வரை வரம்பில் எண்ணப்படமாட்டார்கள். வேறு கல்லூரிக்குப் போனாலும் இது பொருந்தும். 2020-இன் இறுதியாண்டு வீரர்களுக்குத் தந்த வரம்பு விலக்கோ ஒரே பருவத்துக்கும் ஒரே கல்லூரிக்கும் உரியதாக இருந்தது.