ஜிரா ஆட்டோமேஷன் எழுதி வாங்குகிறீர்களா? ‘ஸ்லீப்’ வைத்த ஸ்கிரிப்டை ஏற்காதீர்கள்

வெளியாள் வைத்து ஜிராவுக்கு (பிழைகளையும் வேலைகளையும் டிக்கெட்டாகப் பதிந்து பின்தொடரும் மென்பொருள்) ஆட்டோமேஷன் எழுதி வாங்குகிறவர்கள், கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். அப்படி வாங்கிய ஒரு பைதான் ஸ்கிரிப்ட், பிழை வந்தால் தானே டிக்கெட் போட்டு நினைவூட்டலும் அனுப்ப வேண்டியது, டெமோவில் ஒழுங்காக ஓடியது. வேலைக்கு விட்டதும் ஒரே பிழைக்கு இரண்டு, மூன்று டிக்கெட் போட்டது. மூடிய டிக்கெட்டுக்கும் நினைவூட்டல் அனுப்பியது. கேட்டால், “ஜிராவோட கேஷ் பிரச்சினை, எங்க கையில இல்லை” என்றார்கள் எழுதிக் கொடுத்தவர்கள். கேஷ் என்பது முன்பு வாங்கிய பதிலைச் சேமித்து வைத்து, மறுபடி அதையே தருவது. பிறகு தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு, 10 விநாடி ஸ்லீப் (ஸ்கிரிப்டைச் சற்று நிறுத்தி வைக்கும் கட்டளை) ஒரு வரி சேர்த்துக் கொடுத்தார்கள். இரட்டை டிக்கெட் நிற்கவில்லை.

காரணம் ஸ்கிரிப்டிலேயே இருந்தது. டிக்கெட் போடும் முன் “ஏற்கெனவே இருக்கிறதா” என்று ஜேக்யூஎல்லில் (ஜிராவின் தேடல் மொழி) தேடினார்கள். அந்தத் தேடல் போவது இன்டெக்ஸுக்கு, அதாவது தேடலுக்கென்று தனியாக வைக்கும் பட்டியலுக்கு. அது டேட்டாபேஸுக்குச் சற்றுப் பின்னால்தான் வரும். அந்த இடைவெளியில் தேடினால் “இல்லை” என்றே பதில் வரும், ஸ்கிரிப்ட் இன்னொன்று போடும். சுமை ஏறினால் இடைவெளியும் நீளும், அதனால் எத்தனை விநாடி ஸ்லீப் வைத்தாலும் உத்தரவாதம் கிடையாது. செய்ய வேண்டியது இது: பிழையின் அடையாள எண்ணை உங்கள் சொந்த டேட்டாபேஸ் டேபிளில் யூனிக் கீயாக (ஒரு மதிப்பை இரண்டாம் முறை ஏற்காத புலம்) பதிந்த பிறகே டிக்கெட் போடுங்கள். உருவாக்கும்போது திரும்பி வரும் ஐடியைச் சேமித்து, பிறகு அந்த ஐடியைக் கொண்டே டிக்கெட்டை நேராகப் படியுங்கள். தேடித்தான் ஆகவேண்டும் என்றால், ஜிரா கிளவுடின் (அட்லாசியன் தன் சர்வரில் நடத்தும் ஜிரா) புதிய தேடல் ஏபிஐயில் ‘ரீகன்சைல்இஷ்யூஸ்’ என்ற பாராமீட்டர் இருக்கிறது. இப்போதுதான் மாற்றிய டிக்கெட்டுகளின் ஐடிகளை ஓர் அழைப்புக்கு 50 வரை அதில் தரலாம். எண் ஐடிதான் தர வேண்டும். ‘ஏபிசி-12’ மாதிரியான கீ செல்லாது.

நினைவூட்டல் கோளாறு வேறு வகை. இணையப் பதில்களைச் சேமித்து வைக்கும் ரிக்வெஸ்ட்ஸ்-கேஷ் என்ற பைதான் லைப்ரரியைக் காலாவதி நேரம் குறிப்பிடாமல் போட்டிருந்தார்கள். அதன் இயல்பு அமைப்பில் சேமித்த பதில் காலாவதியே ஆகாது, டிஸ்கில் எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் கோப்பில் கிடக்கும். ஃபீல்டு பட்டியல் போன்றவற்றுக்கு ஒரு மணி நேரம் கேஷ் வைக்கலாம். டிக்கெட்டின் ஸ்டேட்டஸைக் கேஷ் செய்யவே கூடாது. பைதானோடு வரும், நினைவகத்தில் சேமிக்கும் எல்ஆர்யூ-கேஷ் டெக்கரேட்டரும் ஆபத்துதான், அதில் நேரக் காலாவதி என்பதே இல்லை.

பைதானின் ஜிரா லைப்ரரியில் டிரான்சிஷன் (டிக்கெட்டை அடுத்த நிலைக்கு நகர்த்துவது) செய்தால் சர்வரில் ஸ்டேட்டஸ் மாறும். ஸ்கிரிப்டின் கையிலுள்ள இஷ்யூ (டிக்கெட்) ஆப்ஜெக்ட்டில் பழையதே நிற்கும். மறுபடி எடுத்துத்தான் பார்க்க வேண்டும். ஜிரா டேட்டா சென்டரில் (உங்கள் சொந்த சர்வரில் ஓடும் ஜிரா) ஸ்கிரிப்ட்ரன்னர் என்ற கூடுதல் செயலி போட்டிருந்தால், போஸ்ட் ஃபங்ஷன் (டிரான்சிஷன் முடிந்ததும் ஓடும் படிகள்) வரிசையைப் பாருங்கள்: ரீ-இன்டெக்ஸ் படிக்குப் பின்னால் ஸ்கிரிப்ட் இருந்தால், டிக்கெட்டில் புதிய மதிப்பும் தேடலில் பழையதும் இருக்கும்.

பழைய மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிவது எளிது. கர்ல் (கட்டளை வரியிலிருந்து இணையக் கோரிக்கை அனுப்பும் கருவி) கொண்டு டிக்கெட்டை நேராகக் கேளுங்கள். அதில் புதிய மதிப்பு வந்து ஜேக்யூஎல்லில் மட்டும் பழையது வந்தால் இன்டெக்ஸ். ஸ்கிரிப்டை நிறுத்தி மறுபடி ஓட்டியதும் சரியானால் நினைவகக் கேஷ். அப்போதும் ஸ்கிரிப்டுக்கு மட்டும் பழையதே வந்தால், டிஸ்கில் கேஷ் கோப்பைத் தேடுங்கள்.

பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை: 100 பிழைகளை ஸ்லீப் எதுவும் இல்லாமல் ஓட்டச் சொல்லுங்கள். முடிந்த கணமே அதே 100ஐ மறுபடி ஓட்டுங்கள். இரண்டாம் முறை ஒரு டிக்கெட் கூடப் புதிதாக வரக்கூடாது.