25 மி.மீ. கபடி மேட்: வாங்கலாம், ஆனால் ரைடரைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் கல்லூரி அணிக்கு மேட் வாங்கப் போகிறவர்கள் விளையாட்டுக் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "சதுர மீட்டர் என்ன விலை?" இரண்டாவது கேள்வி பெரும்பாலும் வருவதில்லை. கேட்காமல் விட்ட அந்தக் கேள்வியின் பலனை அனுபவிப்பவர், பாடிப் போய் எதிரணியைத் தொட்டு வரும் ரைடர்.

இங்கே எடைபோடுவது 1 மீட்டருக்கு 1 மீட்டர் அளவில், பல் கோத்துப் பூட்டும் ஈவா நுரை அட்டை. கனம் 25 மி.மீ. அதோடு சேர்த்து, அதன் மேல் போட்டு ஆடும் தட்டை ரப்பர் அடி ஷூ. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: சரக்கு நல்லது. பிடிக்கிற பையன்களுக்கு இது வரப்பிரசாதம். ஓடிப் போய்த் தொட்டுவிட்டு அதே வேகத்தில் திரும்புகிற ரைடருக்கு, போட்ட விதம் சரியில்லை என்றால், இதைவிட மோசமான தரை கிடையாது.

ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஆக 130 அட்டை. இரண்டு பக்க லாபிக்கும் (நீளவாக்கில் இரு ஓரமும் வரும் 1 மீட்டர் பட்டை) 26 அட்டை ஒரு நிறத்தில், உள்களத்துக்கு 104 அட்டை வேறு நிறத்தில் கேட்டு வாங்க வேண்டும். பலரும் இந்த 130-உடன் கணக்கை முடித்துவிடுகிறார்கள். எல்லைக்கோட்டைத் தாண்டித் தள்ளப்படுகிறவன் அப்புறம் எங்கே விழுவான்? சிமெண்டில். சுற்றிலும் ஒரு வரிசை கூடுதலாகப் போட்டால் 15-க்கு 12, மொத்தம் 180 அட்டை. உதிரியாக ஐந்தாறு வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டிலேயே பல் கிழிவது நடுக்கோட்டுப் பக்கமும் கார்னர், அதாவது மூலையில் நின்று பிடிப்பவர், நிற்கும் இடமும்தான்.

அட்டையின் அளவில்தான் பெரிய ஏமாற்று. "ஒரு மீட்டர்" என்று விற்கும் அட்டைகளில் சிலவற்றில் அந்த ஒரு மீட்டர் பல்லையும் சேர்த்த அளவு. பூட்டினால் 98 செ.மீ. ஆகிவிடும். ஓர் அட்டைக்கு 2 செ.மீ. என்றால் 13 அட்டைக்கு 26 செ.மீ. குறைவு, அரைக்களத்துக்கு 13 செ.மீ. இது ஒரு கைவிரல் நீளத்தைவிட அதிகம். குறைந்த களத்தில் ஆறு மாதம் ஓடிப் பழகிய ரைடர், சரியான அளவுக் களத்துக்குப் போனதும் கார்னரின் மணிக்கட்டுக்கு ஒரு விரல் முன்னால் காற்றைத் தொட்டுவிட்டு வருவான். "பையனுக்கு ரீச் பத்தல" என்று பழி அவன் மேல் விழும். ஆகவே கடையிலேயே நாலு அட்டையை வரிசையாகப் பூட்டச் சொல்லுங்கள். முதல் அட்டையின் வெளிப்பக்கப் பல் அடியிலிருந்து நாலாவது அட்டையின் வெளிப்பக்கப் பல் நுனி வரை டேப் வைத்தால் முழு 4 மீட்டர் வர வேண்டும். கனத்தையும் ஓர் ஓரத்தில் மட்டும் பார்க்காமல், கட்டுக்கு ஒன்று உருவி ஸ்கேல் வைத்துப் பாருங்கள். பழைய கட்டு, புதிய கட்டு கலந்து வந்தால் பக்கத்து அட்டைகளுக்கு நடுவே இரண்டு மி.மீ. படி உண்டாகும். ரைடரின் கால் பெருவிரல் போய் மாட்டுவது அங்கேதான்.

கனம் கூடினால் நல்லது என்ற நம்பிக்கையும் இருக்கிறது. 40 மி.மீ. மேட் கீழே விழ சுகம், உந்திக் கிளம்பக் கஷ்டம். குதிகாலை ஊன்றி முழு எடையையும் கொடுத்துப் பாருங்கள். மெத்தை மாதிரி அமுங்கினால் கணுக்கால் பிசகும், காலெடுத்து வைக்கும் விசையில் பாதியை நுரையே விழுங்கிவிடும். லேசாக அமுங்கி உடனே நிமிர வேண்டும். 25 மி.மீ. போதும் என்று சொல்வது இதனால்தான்.

கோடு போடுவதில் ஒரு வேடிக்கை உண்டு. பெண்கள் களம் 12-க்கு 8. அதில் நடுக்கோடு, 3 மீட்டரில் வரும் பாக் லைன் (ரைடர் தாண்டியே ஆக வேண்டிய கோடு), அதற்கு 1 மீட்டர் தள்ளி வரும் போனஸ் லைன், லாபிக் கோடு எல்லாமே அட்டை இணையும் இடத்தில் வந்து விழும். ஆண்கள் களத்தில் அப்படி இல்லை. அரைக்களம் ஆறரை மீட்டர் என்பதால் நடுக்கோடு அட்டையின் நட்டநடுவில் ஓடும். பாக் லைன் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர், போனஸ் லைன் 4.75 மீட்டர். இரண்டுமே அட்டையின் முக்கால் தூரத்தில் விழும். அட்டையை எண்ணிக் கோடு போடுகிறவர்கள் கால் மீட்டர் தவறு செய்வது இங்கேதான். நடுக்கோட்டை முதலில் போட்டுவிட்டு, எல்லா அளவையும் அதிலிருந்தே டேப்பில் எடுக்க வேண்டும். ஒட்டும் டேப் வேண்டாம். வியர்வை பட்டதும் ஓரம் சுருண்டு ஷூவில் ஒட்டிக்கொள்ளும். நுரைக்கேற்ற பெயிண்டில் 5 செ.மீ. அகலத்துக்கு மேல் போகாமல் போடுங்கள்.

விரிப்பதை மூலையிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. நடுவில் தொடங்கி நாலு பக்கமும் விரிந்து போக வேண்டும், அப்போதுதான் கோணல் ஒரு பக்கமாகச் சேராது. நம் ஊர் வெயிலுக்கு ஈவா விரியும். அதிகாலையில் இறுக்கிப் பூட்டி, ஓரத்தைச் சுவரோடு முட்டவைத்தால் பதினோரு மணிக்கு நடுவில் முதுகு தூக்கி நிற்கும். ஓரத்தில் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். திறந்த மைதானத்தில் மாதக்கணக்காக வெயிலில் கிடந்தால் அட்டை நிரந்தரமாகச் சுருங்கிவிடும். அப்புறம் எத்தனை தட்டினாலும் இணைப்பு வாய் மூடாது. மண் தரையில் நேராக விரிப்பவர்களுக்கு: குழி மேடு எல்லாம் அப்படியே மேலே தெரியும். தார்ப்பாய் போட்டால் ஈரம் நிற்கும், மேடு நிற்காது. சிமெண்ட் தளம் இல்லாமல் மேட் வாங்குவது கூரை போடாமல் ஃபேன் வாங்குவது மாதிரி.

இனி ரைடர் விஷயம்.

ஊர்த் திருவிழா மேட்ச்சிலும் காணும் பொங்கல் மேட்ச்சிலும் மண்ணில் ஆடி வளர்ந்து கல்லூரி அணிக்கு வந்த பையன்களின் சொத்து ஓட்டம்தான். பாடிக்கொண்டே நடுவில் நுழைவார்கள், ஒரு பக்கம் போக்குக் காட்டுவார்கள், சட்டென்று குறுக்கே ஓடிக் கார்னரின் கையையோ தோளையோ தட்டிவிட்டு வந்துவிடுவார்கள். இன்று இந்த வட்டாரக் கல்லூரி அணிகளில் அப்படி ஒருவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் போனஸ் ரைடர்கள். ஒரு காலைப் போனஸ் லைனுக்கு அப்பால் வைத்து, மறு காலை அந்தரத்தில் நிறுத்தி, ஒரு புள்ளியோடு திரும்புவதில் கெட்டிக்காரர்கள். தப்பில்லை. ஆனால் எதிரில் ஆறு பேராவது இருந்தால்தான் போனஸ். ஐந்தாகக் குறைந்ததும் இந்தப் பையன் என்ன செய்வான்? பாக் லைனைத் தாண்டிவிட்டு வெறுங்கையோடு வருவான். இரண்டு ரைடு வெறுமையாகப் போனால் மூன்றாவது டூ ஆர் டை, புள்ளி எடுக்காவிட்டால் ரைடரே அவுட். தொட்டே ஆக வேண்டும் என்பது பிடிக்கிற எல்லோருக்கும் தெரிந்த ஒரே ரைடு அது. அன்றாடம் தொட்டுப் பழகாதவனை அந்த 30 நொடிக்கு அனுப்பினால் மாட்டாமல் என்ன?

இதற்கு மேட் காரணமா? பாதி. மண்ணில் ஆங்க்கிள் ஹோல்ட், அதாவது ரைடரின் கணுக்காலைப் பிடிக்க, பாய்கிறவனுக்கு முட்டியும் முழங்கையும் உரியும், அதனால் ஒரு தயக்கம் இருந்தது. மேட்டில் அந்தத் தயக்கம் இல்லை. ஒரே மாலையில் ஐம்பது தடவை பாய்ந்து பழகலாம். பிடி வேகமாக முன்னேறிவிட்டது, தொடுவது அப்படியே நிற்கிறது. இன்னொன்று திரும்பும் கால். மண்ணில் பாதம் ஊன்றித் திரும்பும்போது கொஞ்சம் சறுக்கிக் கொடுக்கும். மேட்டில் ரப்பர் அடி அப்படியே பிடித்துக்கொள்ளும். பாதம் நிற்க, உடம்பு திரும்ப, நடுவில் முறுக்கு வாங்குவது முழங்கால் மூட்டு. ஒருவனுக்கு அந்த ஜவ்வு கிழிந்ததைப் பார்த்த அணியில் மற்ற ரைடர்களும் ஓட்டத்தை விட்டுவிடுகிறார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

மீதிப் பாதி பயிற்சியின் குற்றம். 2014-இல் புரோ கபடி தொடங்கியதிலிருந்து அங்கே ஆடுவதும் மேட்டில்தான். அதே மேட்டில்தான் பர்தீப் நர்வால் 2017 சீசனில் 369 ரைடு புள்ளி எடுத்தார். நவீன் குமார் 2019-இல் 300-ஐத் தாண்டினார், அதுவும் ஓடிக் கை தொடுவதையே பிரதான ஆயுதமாக வைத்து. மேட் ஓட்டத்தைக் கொல்லும் என்றால் அது நடந்திருக்கவே முடியாது.

மேட்டில் ஓடித் தொடுவதற்குக் கால் வேறு மாதிரி விழ வேண்டும். எதிரணியின் வலது கார்னர் இலக்கு என்று வைத்துக்கொள்வோம். நடுக்கோட்டைத் தாண்டியதும் இரண்டு மூன்று அடி மெதுவாக, எதிர்ப்பக்கம் பார்த்து. கவர் (கார்னருக்கும் நடுவுக்கும் இடையே நின்று பிடிப்பவர்) ஒரு அடி நகர்ந்ததும் சாய்கோட்டில் ஓட்டம். பாக் லைனைத் தாண்டும்போதே இடுப்பு தாழ்ந்திருக்க வேண்டும். கை நீள்வதற்கு முன்பே பாதத்தின் நுனி லாபிப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். மண்ணில் பழகியவர்கள் ஒரே மிதியில் திரும்புவார்கள். மேட்டில் அந்த ஒரே மிதிதான் மூட்டை வாங்குகிறது. குட்டி குட்டியாக இரண்டு மூன்று அடி வைத்து வில் போல வளைந்து திரும்ப வேண்டும். அங்கிருந்து நடுக்கோட்டுக்கு ஏறக்குறைய நாலு மீட்டர், மூன்று நீட்டு அடி. கவர் குறுக்கே வந்து பிளாக் போடுவதும் அதே மூன்று அடிக்குள்தான். இணைப்பில் படி தட்டினால் ஓர் அடி போச்சு, ஆளும் போச்சு.

பயிற்சிக்கு: லாபி நீங்கலாக உள்ள 8 மீட்டர் அகலத்தில், ஆள் இல்லாமல், வளைந்து திரும்பும் ஓட்டம் பக்கத்துக்கு எட்டு. அப்புறம் கார்னர் ஒருவரை மட்டும் நிறுத்தி, பிடிக்காமல் பின்வாங்கச் சொல்லி ஆறு ரைடு. பிறகு கார்னரோடு கவர். கடைசியில் போனஸ் கணக்கில்லாமல் ஐந்து பேரை நிறுத்தி 30 நொடி ரைடு ஆறு, நடுவே ஒன்றரை நிமிடம் ஓய்வு. இந்தக் கடைசிப் பகுதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் மண்ணுக்குப் போங்கள். கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஓடுவதானால் அலை நனைத்துப் போன இறுகிய மணலில் நேர் ஓட்டம் மட்டும். பொதபொத மணலில் திரும்பிப் பழகினால் கணுக்கால் போகும்.

ஷூ. மேட் மேட்ச் என்றால் ஷூ கட்டாயம். நடைப்பயிற்சிக்குப் போடும் உயரக் குதிகால் ஷூவோடு மேட்டில் ஏறுவது தற்கொலை. பக்கவாட்டில் சாயும்போது கவிழ்த்துவிடும். கபடி ஷூ என்று விற்பதில் பார்க்க வேண்டியது மூன்று: அடி முழுக்கத் தட்டையாக, குதிகாலும் நுனியும் ஒரே உயரத்தில் இருப்பது, கையால் வளைத்தால் நுனிப் பகுதி மடங்கி, நடுப்பாதம் மடங்காமல் இருப்பது, குதிகாலை இறுக்கிப் பிடிப்பது. நுனியில் அரை விரல் இடைவெளிக்கு மேல் வேண்டாம். "தாராளமா இருக்கட்டும்" என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கினால் உள்ளே கால் ஓடும், நகம் கறுக்கும். புது ஷூவின் பிடிப்பு அளவுக்கு மீறி இருக்கும், மேட்ச் அன்று முதல் தடவையாக மாட்டாதீர்கள். நாலு நாள் மெதுவான பயிற்சியில் போட்டு அடியைப் பழக்குங்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து மைதானம் வரை அதையே போட்டு நடந்தால் அடி வழவழவென்று தேய்ந்து, மேட்டில் வழுக்கும். செருப்பில் வாருங்கள், ஓரத்தில் மாற்றுங்கள்.

இந்த ஷூக்களின் பொதுவான குறை நுனி. கால் நீட்டித் தொடும்போதும் பின்னுதை விடும்போதும் தரையில் உரசுவது அதுதான், பசை முதலில் வாய் பிளப்பதும் அங்கேதான். வாங்கிய வாரமே செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துச் சுற்றுத் தையல் போட்டுவிட்டால் சீசன் தாங்கும்.

பராமரிப்பு பெரிய வித்தை இல்லை. கடற்காற்று கொண்டுவரும் நுண்மணல்தான் முதல் எதிரி, ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் பெருக்கி, பிழிந்த ஈரத் துணியால் துடைக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் இணைப்புக்குள் இறங்கி அடியில் தங்கும், மேலே வழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை ஓர் ஓர வரிசையைத் தூக்கிப் பாருங்கள். அடி கறுத்து வாடை அடித்தால் மொத்தத்தையும் பிரித்து நிழலில் காயவைக்க வேண்டும். அடுக்கும்போது படுக்கவைத்து அடுக்குங்கள். நிறுத்திவைத்தால் வளைந்துபோகும், வளைந்த அட்டை மறுபடி சமமாக உட்காராது.

கடைக்காரர்கள் சொல்லும் விலையில் ஓரப்பட்டை, லாரி வாடகை, இறக்குக் கூலி பல நேரம் சேர்ந்திருக்காது, எழுத்தில் வாங்குங்கள். பணம் முழுவதையும் கொடுப்பதற்கு முன் களத்தை ஒருமுறை முழுக்கப் பூட்டி, நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் ஆறரை மீட்டர் வருகிறதா என்று கடை ஆளையே டேப் பிடிக்கச் சொல்லுங்கள். இந்த மேட்டுக்கு என் மதிப்பெண்: பிடிப்பவர்களுக்கு ஐந்துக்கு நாலரை, ரைடருக்கு இப்போதைக்கு மூன்று.