ஜனதாவும் அந்த லிவரும்

கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார்: “அண்ணே, உங்க ஜனதா வாட்ச் மாதிரியே ஒண்ணு ஆன்லைன்ல பார்த்தேன். வாங்கி வீட்லயே சர்வீஸ் பண்ணிக்கலாமா?” நின்ற இடத்தில் பதில் சொல்ல வரவில்லை. ஆறு வருடமாக நான் செய்கிற வேலை அது. அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

என்னுடையது அப்பா கட்டியிருந்த எச்எம்டி ஜனதா. சாவி கொடுக்கிற வாட்ச், 17 ஜுவல்ஸ், அதாவது உள்ளே தேய்மானத்தைக் குறைக்கும் 17 சிறு கற்கள். முதலில் கடையில்தான் சர்வீஸுக்குக் கொடுத்தேன். எண்ணெயைத் தாராளமாக விட்டிருந்தார்கள். அது பரவி, வாட்சின் வேகத்தைத் தீர்மானிக்கும் முடி போன்ற சுருளான ஹேர்ஸ்பிரிங்கில் ஏறி, சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நாளுக்கு எட்டு நிமிடம் முந்த ஆரம்பித்தது. அந்தக் கோபத்தில்தான் ட்வீசரும் கண்ணில் மாட்டும் லென்ஸும் வாங்கினேன்.

கழுவி எண்ணெய் போடுவது பொறுமை இருந்தால் கற்றுக்கொள்ளக்கூடிய வேலைதான். பிரிக்கும் முன், சாவி கொடுத்தால் இறுகும் மெயின்ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மெதுவாக இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் சக்கரத்தின் பல் உடையலாம். சக்கரத்தைப் பல் பல்லாக விடும் சிறு கவையான பேலட் ஃபோர்க்கை ஸ்பிரிட்டில் ஊறப்போடக் கூடாது. அதன் சிறு கற்களைப் பிடித்திருப்பது அரக்கு, ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். எண்ணெய் கல்லின் குழிக்குள் ஒரு புள்ளியாக நின்றால் போதும். எச்எம்டி நிறுவனம் ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து 1961-ல் பெங்களூரில் தொடங்கிய கடிகாரத் தொழிலை மூட 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்துவிட்டது. இன்று ஒரு திருகு தெறித்துத் தொலைந்தால் இன்னொரு பழைய வாட்சைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் வெள்ளைத் துணி விரிக்காமல் நான் உட்காருவதே இல்லை.

எல்லாம் பூட்டி, கடைசியாக ஹேர்ஸ்பிரிங்கோடு இப்படியும் அப்படியும் ஆடும் பேலன்ஸ் வீலை இறக்கும்போது ஒரு கணம் வருமே, அதற்கு ஈடில்லை. அச்சின் நுனி கல்லுக்குள் அமர்ந்ததும், யாரும் தொடாமலே சக்கரம் அசைந்து ஓடத் தொடங்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் காதில் வைத்துக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

சரி, இப்போது அந்த லிவருக்கு வருகிறேன். பேலன்ஸின் மேல் இருக்கும் ரெகுலேட்டர் லிவரைத்தான் சொல்கிறேன். அதன் அடியில் இரண்டு சிறு ஊசிகள் ஹேர்ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும். லிவரைத் தள்ளினால் ஸ்பிரிங்கின் வேலை செய்யும் நீளம் குறையும் அல்லது கூடும். குறைந்தால் வேகம், கூடினால் மந்தம். இவ்வளவுதான் விஷயம். ஆனால் லிவரைப் பிடித்து நிறுத்துவது வெறும் உராய்வு. நுண்ணிய திருகு எதுவும் கிடையாது, எளிய வாட்சுகள் பலவற்றிலும் இப்படித்தான். மெல்லத் தள்ளினால் அசையாது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் சட்டென்று துள்ளும். போனில் டிக் சத்தத்தைக் கேட்டு அளக்கும் செயலி நாளுக்கு 40 விநாடி முந்துகிறது என்றது. ஒரு முடி அகலம் தள்ளினேன். 35 விநாடி பிந்தியது. திரும்ப அரை முடி. மறுபடி 28 முந்தியது. மூன்று இரவு இப்படியே போயிற்று. நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

இதில் நியாயமும் பேச வேண்டும். இந்த வாட்ச் விநாடிக்கு ஐந்து டிக் அடிக்கிறது, ஒரு நாளுக்கு 4,32,000 டிக். ஐந்து விநாடி பிழை என்றால் அதில் 25 டிக்தான் வித்தியாசம். அந்தத் துல்லியத்தை உராய்வில் நிற்கும் ஒரு தகட்டிடம் கேட்பது அதிகம்தான். தெரிந்தும் கோபம் குறையவில்லை.

எனக்குப் பலித்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்க்ரூடிரைவரால் தள்ளாதீர்கள், கூராக்கிய மூங்கில் குச்சி போதும். வேண்டிய இடத்தைக் கொஞ்சம் தாண்டித் தள்ளி, பிறகு திரும்பக் கொண்டு வாருங்கள். முழுச் சாவி கொடுத்து ஒரு முறையும், 24 மணி நேரம் கழித்து ஒரு முறையும் அளங்கள். அதற்கெல்லாம் முன்னால் ஒரு திசைகாட்டியை வாட்ச் அருகில் வையுங்கள். முள் ஆடினால் வாட்சில் காந்தம் ஏறியிருக்கலாம், லிவரைத் தொட்டுப் பயனில்லை. போன் கவரின் காந்தத்தால் எனக்கு ஒரு வாரம் நாளுக்கு இரண்டு நிமிடம் முந்தியது. காந்தம் நீக்கும் சின்னப் பெட்டியை அருகில் கொண்டுபோய், பொத்தானை அழுத்தியபடியே வாட்சை மெல்ல விலக்கினதும் சரியாகிவிட்டது.

அப்புறம் எதிர்பாராத ஒன்று. என் வாட்ச் கையில் இருக்கும்போது சற்றுப் பிந்துகிறது, முகம் மேலே பார்க்கப் படுக்க வைத்தால் முந்துகிறது. சாவிக் குமிழ் மேலே இருக்க நிறுத்தி வைத்தால் முந்துவது குறைகிறது. எனவே இரவில் எப்படி வைக்கிறேன் என்பதைக் கொண்டே நாளைச் சமன் செய்கிறேன். இப்போது வாரம் முழுக்கச் சேர்த்து அரை நிமிடத்துக்குள் நிற்கிறது. லிவரைத் தொட்டு எட்டு மாதம் ஆகிறது.

தம்பிக்கு என் பதில்: வேண்டாம். ஆன்லைனில் பளிச்சென்ற ஆரஞ்சு, பச்சை டயலோடு வருபவை பெரும்பாலும் மறுபடி சாயம் பூசி, பல வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்துக் கோத்தவை. அதை வாங்கி, அதன் லிவரோடு மூன்று இரவு நீங்களும் மல்லுக்கட்ட வேண்டாம். வீட்டில் பழைய வாட்ச் இருந்தால், சர்வீஸுக்கு விவரம் தெரிந்த ஒரு வாட்ச் கடைக்காரரிடம் கொடுங்கள். எண்ணெய் அளவாகப் போடச் சொல்லுங்கள். என்னுடையதற்கு அடுத்த வருடம் மீண்டும் கழுவும் முறை வருகிறது, அதற்கான எண்ணெயை நேற்றே வாங்கி வைத்துவிட்டேன்.